இந்த வார வரவு: நாணயம் சேர்ப்போர் கவனத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நாணயம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் களைகட்டிவிடும். ‘இந்த வார வரவு’ என்று யாராவது ஒருவர் ஆரம்பித்து வைப்பார். விக்டோரியா தலை போட்ட வெள்ளி ரூபாய், ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக அரசு வெளியிட்ட 1000 ரூபாய் நினைவு நாணயம் என்று உள்ளங்கையில் வைத்து எடுத்த படங்கள் வரிசையாக வந்து விழும். கூடவே பூங்கொத்துகள், கைதட்டல்கள், ‘யோகக்காரர் சார் நீங்க’. ‘இந்தக் களிம்பேறின காசுக்கா இவ்வளவு பணம்?’ என்று வீட்டில் கேட்கிறவர்களுக்கு நடுவே காலம் தள்ளும் மனிதருக்கு இந்தப் பாராட்டு தேவைதான். அதைக் குறை சொல்ல இடமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்ததுமே ‘இது டூப்ளிகேட்’ என்று கண்டுகொள்கிற பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எந்தக் குழுவிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களும் கைதட்டலைத்தான் போடுகிறார்கள். ஆசையாக வாங்கியவர் மனம் நோகக் கூடாது என்ற நாசூக்கு. அடுத்த வாரம் அதே கடையில், அதே அச்சில் வந்த போலியை இன்னும் இரண்டு பேர் வாங்கிவந்து காட்டுவார்கள்.

1939ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்வோம். அன்றைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1939 என்று பொறித்த ரூபாய் மிக அரிது என்பதால் விலையும் அதற்கேற்ற உயரத்தில் நிற்கிறது. போலி செய்பவர்களுக்கு இது போதாதா? வார்ப்பில் ஊற்றிய போலியைத் தராசிலேயே பிடித்துவிடலாம். எடை இடிக்கும், விளிம்பில் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு தெரியும், எழுத்துகளின் ஓரம் கரைந்த சோப்புபோல மழுங்கியிருக்கும். ஆனால் 1938 நாணயத்தின் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கினால் தராசு காட்டிக்கொடுக்காது. எடையும் சரி, வெள்ளியும் சரி, பொய் அந்த ஓர் எண்ணில் மட்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், மற்ற மூன்று எண்களைச் சுற்றிலும் பழமையின் கறுப்பு படிந்திருக்க, கடைசி எண்ணின் அடியில் மட்டும் உலோகம் புதிதாகக் கீறல் விழுந்து மின்னும். இந்த இடத்தின் நெருக்கப் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

இதைவிடப் பரவலானது 1818 காசு. ஒருபுறம் கிழக்கிந்தியக் கம்பெனி, மறுபுறம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன். கம்பெனி மதராஸில் பெருமாளும் நாச்சிமார்களுமாக மூன்று சாமி வராகன் அச்சடித்தது உண்மைதான். அந்த உண்மையின் நிழலில்தான் இந்தப் பொய் விலைபோகிறது. 1818 ராமர் காசு கம்பெனியின் புழக்க நாணயமே அல்ல. இதையே ‘அரிசியை இழுக்கும், உள்ளே இரிடியம் இருக்கிறது’ என்று சொல்லி ரைஸ் புல்லிங் கும்பல்கள் லட்சக்கணக்கில் கறந்திருக்கின்றன. விஞ்ஞானி வந்து சோதிக்க முன்பணம், பாதுகாப்பு உடைக்குப் பணம் என்று கணக்கு நீளும். அரிசியை இழுக்கும் உலோகம் என்று ஒன்று கிடையாது. பேச்சில் அரிசி வந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்குவதில் மட்டுமல்ல, விற்பதிலும் வலை விரித்திருக்கிறார்கள். வைஷ்ணவதேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு, 786 என்று முடியும் நோட்டுக்கு லட்சங்கள் தருவதாக விளம்பரம் வரும். நீங்கள் படம் அனுப்பியதும் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம் வரும். பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, கமிஷன் என்று சிறுகச் சிறுகக் கேட்பார்கள். தாங்கள் இப்படிப்பட்ட பழைய நோட்டு, நாணய வியாபாரம் எதிலும் ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் தரவுமில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். எண்ணைப் போடச் சொன்னால் பணம் உங்களிடமிருந்துதான் போகிறது. போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். மோசடிக்காரரின் கணக்கிலிருந்து பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு.

நீங்கள் பகிரும் படமும் இவர்களுக்கு மூலதனம். உங்கள் கையில் இருக்கும் அசல் காசின் படத்தைக் காட்டி வேறொருவரிடம் முன்பணம் வாங்கிவிடுவார்கள். படத்தின் குறுக்கே பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். பின்னணியில் பீரோவும் வாசல் கதவும் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று, படம் பளிச்சென்று வர வேண்டும் என்று புளி போட்டு விளக்காதீர்கள். நூறு வருஷம் படிந்த மெருகு ஐந்து நிமிஷத்தில் போய்விடும், விலையும் கூடவே போகும்.

‘எங்கே கிடைத்தது?’ என்ற கேள்விக்கு வருவோம். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த மாக்கோதை, கொல்லிப்புறை நாணயங்கள் சங்ககாலச் சேரர் வரலாற்றுக்குச் சாட்சி சொன்னவை. சேகரிப்பாளர்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் இப்படிப் பல காசுகள் உருக்குப் பட்டறைக்குப் போயிருக்கும். ஆனால் ஆற்றில் சலித்ததையும் வயலில் உழும்போது வந்ததையும் நேரே பையில் போட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கவில்லை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1878இன் பத்து ரூபாயை அப்படியே வைத்திருக்கிறார்கள், வேடிக்கைதான். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. எனவே ‘ஆத்துல கிடைச்சது, ஃப்ரெஷ் பீஸ்’ என்று பெருமையாகப் போடுவது வாக்குமூலத்துக்குச் சமம். அப்படிச் சொல்லி விற்பவரிடம் வாங்குவதும் வம்பை விலைகொடுத்து வாங்குவதுதான்.

நூறு ஆண்டு தாண்டிய நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி தொல்பொருள். சேர்த்து வைப்பது குற்றமல்ல. அதை வியாபாரமாக நடத்த உரிமம் வேண்டும். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. நம் ஆட்கள் இடறுவது இங்கேதான். சிங்கப்பூரில், கோலாலம்பூரில் இருக்கும் குழு நண்பருக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு சோழக் காசைத் தபாலில் போடுகிறோம். பரிசாக இருந்தாலும் அது ஏற்றுமதிதான். ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம். வெள்ளி ரூபாய்களிலும் ஐந்தாம் ஜார்ஜின் தொடக்க ஆண்டுகள் இப்போது நூறைத் தாண்டிவிட்டன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காலம் குறித்துச் சந்தேகம் இருந்தால், அனுப்புவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று பெறலாம்.

நோட்டு சேர்ப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2016இல் செல்லாது என்று அறிவித்த பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளில் மொத்தம் பத்துக்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்காகவோ சேகரிப்புக்காகவோ என்றால் இருபத்தைந்து வரை. மீறினால் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டுகளின் முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம். ‘கட்டாக வாங்கினேன்’ என்று படம் போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஏமாந்தாயிற்று. என்ன செய்வது? கடைக்காரரிடமோ இணைய விற்பனையாளரிடமோ வாங்கியிருந்தால் நீங்கள் நுகர்வோர். போலியை அசல் என்று விற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமை போய்விடாது. பில்லில் கெடு ஏதும் குறிப்பிடவில்லை என்றால் முப்பது நாள் அவகாசம் உண்டு. முதலில் விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள், குரல் பதிவில் சண்டை போடாதீர்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும்.

சக சேகரிப்பாளரிடம் கைமாற்றாக வாங்கியதென்றால் நுகர்வோர் ஆணையம் கைகொடுப்பது கடினம், அவர் வியாபாரி அல்லவே. போலி என்று தெரிந்தே விற்றிருந்தால் ஏமாற்றுதல், பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவின் கீழ் போலீசில் புகார் தரலாம். எந்த வழியில் போனாலும் கேட்கப்போவது ஆதாரம்தான். ‘ஒரிஜினல், கேரண்டி’ என்று அவர் எழுதிய செய்தி, அவர் அனுப்பிய படம், பணம் போன ரசீது, பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ. கோபத்தில் குழுவை விட்டு வெளியேறி உரையாடலை அழித்துவிடாதீர்கள். அந்தப் போனையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.