உறைதலும் உலர்தலும்: களிமண் அரணின் இயல்பு

நச்சுநீர் நிலத்தடி நீரோடு கலவாமல் தடுத்தற்குக் களிமண்ணை அழுத்திப் பரப்பி அரண் அமைத்தல் உலகெங்கும் உள்ள முறையாகும். குளிர்நாடுகளில் இவ்வரண் உறைந்து உருகுங்கால் அதன் காக்கும் ஆற்றல் குன்றுகிறது. நிலம் உறைதலை அறியாத புதுப்பட்டினக் கடற்கரைக்கு இச்செய்தியால் பயன் யாது என்னும் வினா எழலாம். அதனை ஈண்டு ஆராய்வோம்.

2016 ஆம் ஆண்டின் இந்தியத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை புதைக்கும் குழியின் அடியில் ஞெகிழி விரிப்பின்கீழ் 90 சென்டிமீட்டர் கனமுள்ள களிமண் படுகை வேண்டும் என்றன. அதன் ஊடுருவு திறன் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரின் கோடியில் ஒரு பங்கினை மிகலாகாது என்றும் வரையறுத்தன. நீர் தன் எடையால் மட்டும் இறங்குமாயின், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயர நீரே அதனைக் கடக்கும்.

நீர் பனிக்கட்டியாகுங்கால் அதன் பருமன் 9 விழுக்காடு பெருகும். களிமண் பிளத்தற்கு இதுவே காரணம் என்பாருளர். அஃது ஒரு கூறே. உறையும் இடம் கீழுள்ள மண்ணின் நீரைத் தன்பால் ஈர்க்கிறது. அந்நீர் படலம் படலமாக உறைகிறது. நீரிழந்த மண் சுருங்கி வெடிக்கிறது. உறைந்துள்ள வரை பனிக்கட்டியே வெடிப்பினை அடைத்து நிற்கும். உருகியபின் அது வழியாகும். சில முறை உறைந்துருகிய களிமண்ணில் ஊடுருவு திறன் பத்து முதல் நூறு மடங்கு வரையும், சிலபோது அதனினும் மிகுதியாகவும் பெருகுதலை ஆய்வுகள் காட்டியுள்ளன. நூறு மடங்காயின், மேற்கூறிய 3 சென்டிமீட்டர் 3 மீட்டராகும்.

கேடு அளவோடு நில்லாது. களிமண் துகள்களின் எதிர்மின் பரப்பு ஈயம், காட்மியம் முதலிய உலோக அயனிகளைப் பற்றி நிறுத்தும் இயல்பினது. வெடிப்பின் வழியே விரையும் நீர் அப்பரப்பினைப் பெரும்பாலும் தீண்டாமலே செல்லும். ஆதலின் அரண் தடுத்தலையும் இழக்கிறது, வடித்தலையும் இழக்கிறது.

இனி நம் நிலத்திற்கு வருவோம். நுணுகி நோக்கின், உறைதல் களிமண்ணுக்குச் செய்வது நீரைப் பறித்தலே. அதனையே நம் நாட்டில் வெயில் செய்கிறது. ஏரிகள் மிகுந்த செங்கற்பட்டில், கோடையில் வற்றிய ஏரியின் அடி பாளம் பாளமாக வெடித்தலை யாவரும் கண்டிருப்பர். நிலப்பிளப்பினைத் தமிழ் 'விடர்' என வழங்கும்; மலைப்பிளப்பிற்கும் அதுவே பெயர். பிளந்தது எதனால் என்று நோக்காது பிளவினையே நோக்கும் அச்சொல் ஈண்டும் பொருந்துவதாம். மழைக்குப்பின் களிமண் உப்பி விடர் மூடுமாயினும் பழைய இறுக்கம் முழுதும் மீள்வதில்லை. உவர்நீர் களிமண்ணின் உப்புதலைக் குறைத்தலின், கடலோரத்தில் அம்மூடுதலும் தடைப்படும்.

மாமல்லபுரத்திற்குத் தெற்கே உள்ள புதுப்பட்டினம் மணற்பாங்கான கரை. இத்தகைய கரைகளில் மழைநீராகிய நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படுகையாக நிற்கும். ஆழமில்லாக் கிணறுகள் தருவது அந்நீரையே. மணலோ நஞ்சினைத் தடுக்கும் ஆற்றல் குறைந்தது. ஆகவே இந்நிலத்தில் அமைக்கும் களிமண் அரணில் தோன்றும் ஒவ்வொரு விடரும் கிணற்றுக்குச் செல்லும் வழியாகும்.

குளிர்நாட்டார் உறைபனி எட்டாத கனத்திற்கு மண்ணிட்டு அரணை மூடுவர். நாமும் அழுத்திய களிமண்ணைச் சித்திரை வெயிலில் வெறுமையாக விடாது, உடனே மூடி ஈரம் காத்தல் வேண்டும். அவர் பனிக்குச் செய்யும் காப்பினை நாம் வெயிலுக்குச் செய்தல் கடன் என்பதே இவ்வாராய்ச்சியால் பெறப்படும் முடிபாகும்.