பள்ளி வாசலும் பெற்றோர் கடமையும்

வெளிமாநிலத்தில் குடியேறும் தமிழ்க் குடும்பம் முதலில் தேடுவது வீடு. அடுத்து, நமக்கேற்ற அரிசியும் பருப்பும் கிடைக்கும் கடை. அதன்பின் ஒரு கோயில். இம்மூன்றும் அமைந்துவிட்டால் பெரியவர்களுக்கு ஊர் ஒருவாறு பழகிவிடும். குழந்தைகளின் நிலை அவ்வாறன்று. அவர்களுக்குப் புதிய ஊர் என்பது புதிய பள்ளிக்கூடமே. அங்கே அவர்களுடைய மனம் ஊன்றினால்தான் குடும்பம் அவ்வூரில் வேரூன்றியதாகும். ஆகவே வீட்டிற்கும் பள்ளிக்கும் உள்ள உறவைப் பற்றி நம் சங்க அன்பர்கள் யாவரும் சிந்திப்பது நலம்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். அரசாங்க அலுவலகங்கள் கோடையில் சிம்லாவிலும் குளிர்காலத்தில் டில்லியிலும் இயங்கிய நாளில், தென்னாட்டு ஊழியர்களின் பிள்ளைகளுக்கென 1923-ஆம் ஆண்டில் தோன்றிய சிறு முயற்சியே இன்று டில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக விளங்குகிறது. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதிபாக், பூசா சாலை, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய ஏழு இடங்களில் அக்கழகத்தின் பள்ளிகள் உள்ளன. பம்பாயில் மாதுங்காப் பகுதியில் வாழ்ந்த தென்னிந்தியர்களும் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். மாதச் சம்பளத்தில் கட்டுச்செட்டாகக் குடித்தனம் நடத்தியவர்கள் தங்கள் கைப்பொருளையும் ஓய்வு நேரத்தையும் இத்தகைய பள்ளிகளுக்கு ஈந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

சமூகம் தானே கட்டிய பள்ளியில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அங்கே ஆசிரியர் நம் தெருவில் வசிப்பவராக இருப்பார். நிர்வாகியை மாலையில் கோயிலில் காணலாம். பிள்ளை வாடினால் காரணம் கேட்க நாலு பேர் இருப்பார்கள். தாய்மார்கள் கூச்சமின்றித் தமிழிலேயே பேசலாம். பாடம் கற்பிப்பதோடு பிள்ளையின் உடல் நலத்தையும் மன நலத்தையும் பேணும் இடமாகப் பள்ளி அமைவதற்கு இந்த நெருக்கமே அடிப்படை.

தாயகத்திலும் இதற்குச் சான்று உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபொழுது 1956-இல் தொடங்கிய பகலுணவுத் திட்டம், முதலில் ஊர்மக்கள் அளித்த நெல்லையும் நன்கொடையையும் கொண்டே பல இடங்களில் நடைபெற்றது. பின்னர், கல்வித்துறையின் தலைவராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் கூட்டப்பெற்றன. தங்கள் பள்ளிக்கு வேண்டுவன யாவை என்று ஊரார் தாமே கணக்கிட்டு, கட்டடம், மேசை நாற்காலி, கரும்பலகை, சீருடை என அவரவர் சக்திக்கேற்ப அளித்தனர். அரசாங்கப் பள்ளி ஊராருடைய பள்ளியாக மாறிய காலம் அது.

இன்று நம்மவர் பிள்ளைகளுள் பெரும்பாலோர் தமிழர் நடத்தும் பள்ளிகளில் படிப்பதில்லை. நகராட்சிப் பள்ளி, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எனப் பலவாறு பிரிந்திருக்கின்றனர். இடமாற்றத்திற்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் நலங்கருதி 1963-இல் தொடங்கப்பெற்ற கேந்திரிய வித்யாலயங்களிலும் பலர் பயில்கின்றனர். இப்பள்ளிகளின் தரத்தைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. ஆனால் அங்குள்ள மொழி நம் தாய்மார்கள் பலருக்கு அந்நியமானது. தந்தையோ இரவுப்பணி, பகல்பணி என்று மாறி மாறி உழைப்பவர். பள்ளி வாசற்படி ஏறுவது கட்டணம் செலுத்தும் நாளில் மட்டும் என்றாகிவிடுகிறது.

இதனால் விளையும் தீங்கிற்கு எங்கள் ரயில்வே குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். நான்காம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி கரும்பலகையில் உள்ளதைத் தவறாக எழுதுகிறாள் என்று ஆசிரியை இருமுறை குறிப்பேட்டில் இந்தியில் எழுதியனுப்பினார். தாய்க்கு இந்தி படிக்கத் தெரியாது. தந்தை வீடு திரும்பும் வேளையில் குழந்தை உறங்கிவிடுவாள். குறிப்பின் கீழ்க் கையெழுத்து மட்டும் விழுந்தது. மதிப்பெண் குறைந்தது; குழந்தை “தலைவலி” என்று கூறிப் பள்ளிக்குப் போக மறுத்தாள்; சோம்பேறி என்ற பெயரும் கிடைத்தது. மூன்று மாதம் சென்றபின் பக்கத்து வீட்டு அம்மையார் தற்செயலாக அக்குறிப்பைப் படித்து, கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி சொன்னார். மூக்குக் கண்ணாடி அணிந்த சில வாரங்களில் குழந்தையின் முகமே மாறிவிட்டது. அறிவிலும் ஒழுக்கத்திலும் குறையற்ற குழந்தை மூன்று மாதம் வருந்தியதற்குக் காரணம், பள்ளியும் வீடும் பேசிக்கொள்ள ஒரு வழி இல்லாமைதான்.

அவ்வழியைச் சட்டமே இன்று திறந்துவைத்திருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் தேதியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். ஆசிரியர்கள் பெற்றோரைத் தவறாது கூட்டிப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். குழந்தையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் தடை செய்யப்பட்டுள்ளன.

மாற்றலாகிச் செல்லும் குடும்பங்கள் ஒன்றை முக்கியமாக நினைவிற் கொள்ள வேண்டும். முன்படித்த அரசு அல்லது உதவிபெறும் பள்ளியின் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே வழங்கக் கடமைப்பட்டவர். அச்சான்றிதழ் வரத் தாமதமானது என்பதையோ, வயதுச் சான்று இல்லை என்பதையோ காட்டி, கேந்திரிய வித்யாலயம் போன்ற தனிவகைப் பள்ளிகள் நீங்கலாக, அரசு அல்லது உதவிபெறும் பள்ளி எதுவும் குழந்தையைச் சேர்க்க மறுத்தல் கூடாது.

உடல்நலத்திற்கும் வசதிகள் இல்லாமலில்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அரசுப் பள்ளிகளுக்கே வந்து பிள்ளைகளைச் சோதிக்கின்றனர். பகலுணவில் தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்பது விதி. 2020-இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டத்தில், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் உடல்நலம், மனநலம் குறித்துப் பிள்ளைகளிடம் பேசப் பயிற்சி பெறுகின்றனர். மனக்கலக்கம் மிகுந்தால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனையைத் தொலைபேசி வழியே பெறலாம். 2022 முதல் நடைபெறும் இச்சேவையில் தமிழிலும் பேசலாம். துன்புறும் குழந்தைக்கு உதவி வேண்டின் 1098 என்ற எண் இருக்கிறது.

எனினும், சட்டமும் திட்டமும் தாமாக நம் வீட்டுக் கதவைத் தட்டமாட்டா. குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. அவ்விடத்தில் அமர நாம் முன்வர வேண்டும். மருத்துவக் குழு அளிக்கும் சீட்டை யாரேனும் படித்துப் பொருள் கூற வேண்டும். இங்கேதான் நம் சங்கம் செய்யத்தக்க பணி இருக்கிறது.

என் எளிய யோசனைகள் இவை. பெற்றோர் கூட்ட நாளில், உள்ளூர் மொழி அறிந்த அன்பர் ஒருவர் புதிதாக வந்த தாய்மாருடன் துணையாகச் செல்லலாம். ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் பள்ளிக் குறிப்பேடுகளைப் படித்துச் சொல்லவும் பதில் எழுதித் தரவும் ஏற்பாடு செய்யலாம். பொருட்செலவு ஏதுமில்லை. அதே வேளையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் கற்பிக்கலாம். தாயிடம் தன் மனக்குறையைத் தடையின்றிச் சொல்ல ஒரு மொழி கைவசம் இருப்பதும் குழந்தையின் நலத்தைச் சேர்ந்ததே. பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர விரும்பும் தாய்மாரின் பெயர்ப்பட்டியலை மகளிர் பகுதியினர் இப்பொழுதே தயாரிக்கலாம்.

வீட்டிலே தந்தைமார் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்பதற்கு முன், “இன்று யாருடன் விளையாடினாய்? யாருடன் அமர்ந்து உண்டாய்?” என்று கேளுங்கள். விடையில் தயக்கம் இருப்பின், மறுநாளே பள்ளிக்குச் சென்று ஆசிரியரைக் காணுங்கள். மொழி தெரியாவிடினும் செல்லுங்கள். தன் பொருட்டுத் தாயோ தந்தையோ பள்ளிக்கு வந்தார் என்பதைக் குழந்தையும் மறவாது, ஆசிரியரும் மறவார்.

முன்னோர் நமக்கெனப் பள்ளிகளைக் கட்டித் தந்தனர். அவ்வளவு பெரிய செயல் நம்மால் இயலாதிருக்கலாம். நம் பிள்ளைகள் பயிலும் பள்ளி எதுவாயினும் அதை நம்முடையதாகக் கருதி உள்ளே செல்வது நம் ஒவ்வொருவராலும் இயலும். அடுத்த பெற்றோர் கூட்டத்திற்கு இக்குடியிருப்பிலிருந்து எத்தனை பேர் செல்கின்றனர் என்பதைக் கொண்டே நம் சங்கத்தின் பணியை அளவிடலாம்.