திருடனுக்குக் கதவைத் திறவாதிருங்கள்!



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருவுக்கும் டெல்லிக்கும் வந்த நம் குடும்பங்களில், வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணமும் இன்று கைபேசி வழியாகவே செல்கின்றன. ஆகவே திருடனின் கண்ணும் அங்கேயே இருக்கிறது. அவன் பூட்டை உடைப்பதில்லை. நம்மைக் கொண்டே அதைத் திறக்கிறான். அதற்கு அவன் கையாளும் சாவிகள் இரண்டு: பயம், அவசரம்.

"உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, சி.பி.ஐ.யிலிருந்து பேசுகிறோம்" என்று ஒரு குரல் மிரட்டும். காவல் சீருடை தரித்த ஒருவன் வீடியோ அழைப்பில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாகக் கூறுவான். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரும் தமது வானொலி உரையில் இதைக் குறித்து எச்சரித்தார். "இதை யாரிடமும் சொல்லாதே" என்று அவன் கட்டளையிடுவதே அவன் திருடன் என்பதற்கு அடையாளம். அழைப்பைத் துண்டித்து, உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள்.

பழைய கட்டிலை விற்க இணையத்தில் விளம்பரம் செய்தால், "பணம் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடுங்கள்" என்பான் இன்னொருவன். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணை இட்டால் உங்கள் பணமே வெளியேறும். "கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செயலிகளையும் நிறுவாதிருங்கள். ஓ.டி.பி. எண்ணை வங்கி ஊழியர் என்று சொல்பவருக்கும் கூறாதிருங்கள்.

புதிய நகரத்தில் வாடகை அறைக்கும் வேலைக்கும் ஆதார் நகலைக் கொடுக்க நேரிடுகிறது. இயன்ற இடங்களில் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அது கிடைக்கும். நகலின்மேல் தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கே உண்டு. உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அறியலாம்.

இத்தனை கவனத்துக்குப் பின்னும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காதிருங்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். திருடன் பணத்தை வேறு கணக்குகளுக்கு மாற்றி எடுக்குமுன் அதை முடக்க வாய்ப்புண்டு. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி மூன்றாம் நபரால் பணம் போனால், தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில்லை என்று விதித்தது. நாமே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு நம்முடையது என்றும், அதற்குப் பின் நேருவது வங்கியினுடையது என்றும் கூறியது. ஆகவே தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டமே.

ஏமாற்றப்பட்டவர் குற்றவாளி அல்ல. அவரைக் கடிந்துகொண்டால், அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். இன்றிரவே வீட்டிலுள்ள முதியவர்களை அருகில் அமர்த்தி இவற்றைச் சொல்லுங்கள். ஊரிலுள்ள பெற்றோருக்கும் தொலைபேசியில் சொல்லுங்கள். பயமுறுத்தும் அழைப்பு வரும்போது அவர்கள் முதலாவது உங்களை அழைக்கட்டும்.