வருகைப் பதிவேடும் வீட்டுக் கணக்கும்

நம் சங்கங்களின் பேரேடுகளில் ஏறாத செலவு ஒன்று உண்டு. பிள்ளை பள்ளிக்குச் செல்லாமல் வீட்டில் நின்ற நாளே அச்செலவு. அதற்கு ரசீது இல்லை. பற்று எழுதுவாரும் இல்லை. ஆயினும் பல ஆண்டுகள் கழித்துக் குடும்பம் அதனை வட்டியுடன் செலுத்த நேரிடுகிறது. நெசவாளரும் பயிரிடுவோருமாகிய அங்கத்தினர்கள் இக்கணக்கைச் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் நலம்.

"கன்னியாகுமரி மாவட்டத்திலா கல்விக் குறை?" என்று சிலர் வியக்கக்கூடும். அவ்வியப்பில் நியாயம் உண்டு. 1806-ஆம் ஆண்டிலேயே மயிலாடிக்கு வந்து சேர்ந்த ரிங்கல்தௌபே பாதிரியார், அதுவரை எழுத்தறிய இடம்பெறாத ஏழை மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். 1817-இல் திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டுமென ஆணை பிறப்பித்தார். நாகர்கோவிலில் மிஷன் அம்மையார்கள் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தனர். அந்நூல் வேலையின் வருவாய் பெண் கல்விக்குத் துணை நின்றது. இவற்றின் பயனாக, 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி நூற்றுக்கு 91.75 பேர் எழுத்தறிவு பெற்று, நம் மாவட்டம் தமிழகத்தில் முதலிடம் பெற்றது.

ஆனால் பள்ளியில் பெயர் சேர்ப்பது வேறு; நாள்தோறும் அனுப்புவது வேறு. பங்குத் தொகை கட்டியவுடன் ஒருவர் நல்ல அங்கத்தினர் ஆகிவிடுவதில்லை அன்றோ? கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களை வகுத்துள்ளது. ஒரு பிள்ளை மாதத்திற்கு இரண்டே நாட்கள் நின்றாலும், பத்து மாதங்களில் 20 நாட்கள் கழிகின்றன. அதாவது பத்தில் ஒரு பங்கு. ஐந்தாண்டுகளில் 100 நாட்கள் ஆகின்றன. ஐந்தாம் வகுப்பு முடித்த அப்பிள்ளை உண்மையில் நாலரை ஆண்டுகளே படித்திருக்கிறது.

மேலும், இழந்த நாட்கள் யாவும் ஒரே மதிப்புடையன அல்ல. கடன் வாங்கிக் கழித்தலை ஆசிரியர் கற்பித்த இரு நாட்களில் வராத சிறுவன், பின்னர் வகுத்தல் கணக்கில் தடுமாறுகிறான். அவனை 'மந்தம்' என்கிறோம். பாவில் அறுந்த இழையை அப்போதே முடியாமல் விட்டால், அக்குறை துணியின் நெடுகிலும் தெரியும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பிள்ளை வீட்டில் நிற்பதன் காரணங்களைக் காண வேண்டுமாயின் பள்ளியின் பதிவேட்டை மட்டும் பார்த்தல் போதாது. வீட்டு வேலையின் ஆண்டுக் கணக்கையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும். கன்னிப்பூ அறுவடை ஆவணி, புரட்டாசியிலும், கும்பப்பூ அறுவடை மாசியிலும் வருகின்றன. தாயும் தந்தையும் வயலுக்குச் சென்றால் கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் நிறுத்தப்படுகிறாள். தறி வீட்டில் துணி ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது தார் சுற்ற ஒரு கை குறைகிறது. அக்கை பெரும்பாலும் பிள்ளையின் கையாகவே இருக்கிறது. ஊர்க்கொடை, திருவிழா, திருமணம் ஆகியவற்றிற்கு ஒரு நாள் போதும் என்ற இடத்தில் மூன்று நாட்கள் போகின்றன. இவற்றுள் எதுவும் பெற்றோரின் அன்பின்மையால் நிகழ்வதன்று. அன்றைய தேவை கண்முன் நிற்கிறது. நாளைய இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிள்ளை பாதி நாள் பள்ளியிலும் மீதி நேரம் தந்தையின் தொழிலிலும் இருக்கட்டும் என்ற எண்ணம் அரசுத் திட்டமாகவே ஒருகால் வந்ததுண்டு. 1953-இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு கொணர்ந்த அத்திட்டம் கடும் எதிர்ப்பிற்கு உள்ளாகி, 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. நம் நாடு அக்காலத்தில் திருவிதாங்கூர்–கொச்சியைச் சார்ந்திருந்தமையால் அத்திட்டம் இங்கு எட்டவில்லை. எனினும் சட்டம் செய்யாததை வழக்கம் செய்தல் கூடும். 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், 14 வயது நிரம்பாத பிள்ளைகளை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடுத்துள்ளது. குடும்பத் தொழிலில் உதவுவதற்கும் பள்ளி நேரம் கழிந்த பின்னும் விடுமுறையிலுமே இடம் தருகிறது; ஆபத்தானவை எனப் பட்டியலிட்ட தொழில்களில் அதுவும் இல்லை.

1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 1-இல் நம் மாவட்டமும் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அத்திட்டம் அரசின் பணத்தால் மட்டும் நடந்ததன்று. ஊராரின் பங்கும் அதில் சேர்ந்தது. அக்காலக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் மக்களைத் திரட்டினார். 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கட்டடமும் பலகையும் சீருடையும் பள்ளிக்கு அளித்தனர். பள்ளியைத் தம்முடையதென ஊரார் கொண்டால் பிள்ளைகளின் வருகையும் பெருகும் என்பதே அவ்வியக்கத்தின் பாடம். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சத்துணவும், 2022-இல் தொடங்கி 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்த காலை உணவும் அதே வழியில் வந்தவை. பிள்ளையின் பசியை அரசு ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் நாளைக் காப்பதோ குடும்பத்தின் கையில் உள்ளது.

குடும்பத்திற்குப் பள்ளியில் இடமும் உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்திற்று. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரிடம் கூட்டத்தில் எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை எனவும் அச்சட்டம் கூறுகிறது. மகாசபையில் வரவு செலவைக் கேள்வி கேட்கப் பழகிய நம் அங்கத்தினருக்கு இக்கூட்டம் அயலானதன்று. "என் பிள்ளை எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு நில்லாமல், "சென்ற மாதம் எத்தனை நாள் வரவில்லை? அந்நாட்களில் நடந்த பாடம் எது?" என்றும் கேட்டறிதல் வேண்டும். தாய் மட்டும் சென்று வந்தால் போதும் எனத் தந்தையர் ஒதுங்குதலும் தகாது.

சங்கத்திற்கும் இதில் பொறுப்பு உண்டு என்பதை வற்புறுத்த விரும்புகிறோம். நூல் காலந்தாழ்த்தி வழங்கப்பட்டால், துணி ஒப்படைக்கும் கெடுவிற்கு முந்தைய நாட்களில் வேலை முழுதும் குவிகிறது. அப்பொழுதே பிள்ளை தார் சுற்ற உட்காருகிறது. நூலை ஒழுங்காக, முன்கூட்டி வழங்கும் சங்கம், தானறியாமலே ஒரு பள்ளியின் வருகையை உயர்த்துகிறது. பயிர்க்கடனும் அவ்வாறே. விதைப்பிற்கு முன் கடன் கிடைத்தால் கூலியாள் வைக்கலாம். பிந்தினால் வீட்டாரே இறங்க வேண்டும். அறுவடைக் காலத்தில் அண்டை வீடுகள் நான்கு கூடி, முதியவர் ஒருவர் பொறுப்பில் கைக்குழந்தைகளை விடுவார்களாயின், நான்கு மூத்த பெண்கள் வகுப்பில் இருப்பர். இதற்குப் பணம் வேண்டுவதில்லை. கூட்டுறவு மனம் வேண்டும்.

1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நெசவாளர் முதலிய எளியோர் கூடிச் சங்கம் கண்டனர். பின்னர்த் தம் உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். இன்றும் உலகக் கூட்டுறவுக் கொள்கைகள் ஏழனுள் கல்வி ஒன்றாக நிற்கிறது. அங்கத்தினர் தம் பிள்ளையின் பள்ளி நாளை விட்டுக்கொடாமல் காப்பதே அக்கொள்கைக்கு வீட்டில் செய்யும் முதல் தொண்டாகும்.

எழுதப் படிக்க அறியாத பாட்டியும் இதில் பங்கு கொள்ளலாம். மாலையில் பத்து நிமிடம் பேரப்பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் போதும். வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, பிள்ளை நின்ற நாளை வட்டமிட்டு வருக. மாத முடிவில் வட்டங்களை எண்ணுக. ஒவ்வொரு வட்டத்திற்கும் தக்க காரணம் சொல்ல இயலுமா என்று குடும்பத்தார் தம்மைத் தாமே தணிக்கை செய்து கொள்வார்களாக. அடுத்த மாதம் அவ்வட்டங்களுள் ஒன்று குறையினும் அது நல்ல வரவேயாகும்.