பாப்பா முகம் ஏன் கறுப்பா விழுது?

"அக்கா, எங்க அண்ணன் துபாயிலேருந்து டிஜிட்டல் காமிரா அனுப்பிச்சாரு. எடுத்தா பாப்பா முகம் கறுப்பாவே விழுது. மிஷின்ல கோளாறா?"

சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் எதிர்வீட்டு இளம் தாய் கேட்டது இது.

கோளாறு ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு முன்னால் குழந்தையை உட்கார வைத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் படம் எடுத்தால் அப்படித்தான். பளீரென்ற ஜன்னலைக் கண்டதும் காமிரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், முகம் இருண்டுவிடும். குழந்தை ஜன்னலைப் பார்க்கட்டும். நீங்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சற்று ஒதுங்கித் தரையில் உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் தலை பெரிதாகவும் கால் சின்னதாகவும் விழும்.

பொத்தானை ஒரேயடியாக அமுக்காதீர்கள். பாதி அமுக்கினால் காமிரா முகத்தைக் கூர்மையாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு மீதியை அமுக்குங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருந்தால் கை ஆடாது. துறுதுறு வாண்டுகளுக்கு, ஓடும் மனிதன் குறி உங்கள் காமிராவில் இருந்தால் அதில் வையுங்கள். 1975-ல் கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் காமிரா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை காஸெட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டதாம். நம் வீட்டுப் பிள்ளை அதற்குள் அடுப்படிக்கே போய்விடும்!

வெளியே எடுப்பதென்றால் காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு. உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். பாடலாத்ரி நரசிம்மர் கோயில் குன்றைச் சுற்றி வரும்போது தாராளமாக எடுங்கள். சன்னதியில் காமிரா பைக்குள்ளேயே இருக்கட்டும். அர்ச்சகர் தீபம் காட்டும்போது அந்த மூன்றாவது கண்ணை நம் கண்ணால் பார்ப்பதுதான் அழகு.

இனி சொல்வதுதான் முக்கியம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், முதல் பிறந்தநாள் படங்கள் அத்தனையும் மெமரி கார்டிலிருந்து அழிந்துவிட்டன. அம்மா அழுதுகொண்டே, போனது போகட்டும் என்று அதே கார்டில் மறுபடி எடுக்கத் தொடங்கினாள். அதைத்தான் செய்யக்கூடாது! அழித்த படம் உடனே மறைந்துவிடாது. புதிய படம் அதன் மேல் பதியும்வரை பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். கார்டைக் கழற்றி, கம்ப்யூட்டர் தெரிந்தவரிடம் கொடுத்தால் பல சமயம் மீட்டுவிடலாம். அவளுக்குப் பாதிதான் கிடைத்தது.

மாதம் ஒருமுறை படங்களை இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். பிடித்த பத்தையாவது ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டி, பின்புறம் பென்சிலால் தேதி எழுதிவிடுங்கள்.