மண் இல்லாமலும் கீரை வளரும்!

ஒண்டுக் குடித்தனக்காரருக்குத் தோட்டம் ஏது? கையகல மண்கூடக் கிடையாதே! ஆனால் செடி உண்பது மண்ணை அல்ல. அதிலுள்ள தழை, மணி, சாம்பல் முதலிய சத்துக்களையே. அவற்றைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாலும் செடி ஏற்றுக்கொள்ளும்.

1930-களில் கலிபோர்னியாவில் டாக்டர் கெரிக் சத்துநீரிலேயே தக்காளிக் கொடிகளை 25 அடி உயரம் வளர்த்துக் காட்டினார். அதற்குச் செலவு அதிகம். எளிய வழி நம் நாட்டில் பிறந்தது. 1946-ல் அன்றைய டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்பாங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் 'வங்காள முறை'யை வகுத்தார். பம்பு வேண்டாம். தொட்டியில் சரளையும் மணலும் நிரப்பி, உரத்தூளைத் தூவித் தண்ணீர் விட்டால் போதும்.

இன்று பெருநகரங்களில் மூடிய அறைக்குள், மின்விளக்கொளியில், அடுக்கடுக்காகக் கீரை பயிராகிறது. ஒரே நீர் சுழன்று வருவதால் வயலைவிட மிகக் குறைந்த தண்ணீரே செலவாகிறது. வறட்சிக்கும் பயமில்லை. மின்கட்டணம்தான் கடிக்கும். நெல், கோதுமை இதில் கட்டுப்படியாகா.

நமக்கு விளக்கும் வேண்டாம். வெயில் படும் ஜன்னலோரம், அடியில் ஓட்டையிட்ட பழைய டப்பா, கழுவிய மணல், ஒரு பிடி வெந்தயம், நீரில் கரைத்த கலப்பு உரம் சிறிது. ஒரு மாதத்தில் ஒருவேளைக் கூட்டுக்குக் கீரை ரெடி! கட்டு விலை ஏறும் நாளில் அதுவும் லாபம்தானே!