வெட்டப்பட்ட பெயர்

சென்ற பாடசாலை விடுமுறையில் ஒருநாட் காலை, என் சிற்றன்னையின் மகளுக்குத் துணையாகப் புறக்கோட்டைக்குச் சென்றேன். துணை என்பது பெயரளவுக்குத்தான். பொதி சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கிளிநொச்சியில் தன் வீட்டு முன்விறாந்தையிலே அவள் சிறியதொரு உடுப்புக் கடை நடத்துகிறாள். டொமி ஹில்ஃபிகர், கல்வின் க்ளைன் முதலிய பிறநாட்டுப் பெயர்களுக்காக நம் நாட்டில் தைக்கப்பட்டு, ஏதோ காரணத்தாற் கப்பலேறாது தங்கிவிட்ட உடைகளைக் கொழும்பில் மலிவாகத் தேர்ந்தெடுத்து ஊரில் விற்பதே அவள் தொழில்.

இவ்வுடைகள் சந்தைக்கு வரும் வழியைச் சிறிது கூறவேண்டும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, மறுவருடம் கட்டுநாயக்கவிற் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தபின், ஆடை நம் ஏற்றுமதியின் பெருந்தூணாயிற்று. பத்தாயிரம் சேட்டுகளுக்குக் கட்டளை வந்தால், தொழிற்சாலை அதற்குச் சற்று அதிகமாகவே துணி வெட்டும். சில பழுதாகும் என்பது கணக்கு. பழுது குறைந்தால் நல்ல உடைகளே எஞ்சும். வாங்குவோர் கட்டளையை இரத்துச் செய்தாலோ தொகுதி முழுவதும் தேங்கும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அவ்வாறு தேங்கியவை ஏராளம். பரிசோதனையில் தள்ளுண்டவையும் இவற்றோடு கலந்து வரும். கலந்து வருவதுதான் தொல்லை. ஒடெல் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஒட்டாரா குணவர்தன, தொடக்கத்தில் இத்தகைய எச்சங்களைத் தம் காரின் பின்பெட்டியில் வைத்தே விற்றார் என்பதை வாசகர் பலர் அறிவர்.

நாங்கள் போன இடம் கெய்சர் வீதிக்கு அண்மையில், ஒடுங்கிய படிகளுக்கு மேலேயிருந்த ஓர் அறை. உடைகள் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. நான் எடுத்த எடுப்பிற் கழுத்துப்பட்டியின் உட்புறத்தைப் பார்த்தேன். பெயர்ச்சீட்டு பாதியாக வெட்டப்பட்டிருந்தது. வேறு சிலவற்றில் பெயரின்மேற் கறுப்பு மையாற் கோடு இழுக்கப்பட்டிருந்தது. தம் பெயர் மலிவுச் சந்தையில் உலாவுவதை அந்நிறுவனங்கள் விரும்புவதில்லை. தைத்தவர் நம்மவர், பெயர் மட்டும் அவர்களுடையது.

தங்கை பெயரைப் பார்க்கவேயில்லை. சேட்டை உட்புறம் வெளியாகத் திருப்பினாள். ஏழு ஆண்டுகள் தொழிற்சாலையொன்றில் தரம் பார்த்த கை அது. கையும் உடலும் பொருந்தும் கக்கத்துத் தையலை இழுத்துப் பார்த்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெவ்வேறு துணிச்சுருளில் வெட்டப்பட்டிருந்தால் நிறம் அங்கே காட்டிக்கொடுத்துவிடுமாம். பைமேற் கோடுகள் மார்பின் கோடுகளோடு ஒத்து ஓடுகின்றனவா, இயந்திர எண்ணெய் பட்டிருக்கிறதா, பொத்தான் நிற்குமா என்று பார்த்தாள். நான் அழகென்று எடுத்துக் கொடுத்த மூன்றையும் திருப்பிப் போட்டாள். எனக்குச் சற்றே மனத்தாங்கல்.

அறுபது சேட்டுகள் தேறின. அவற்றுள் எட்டு, சிறு குறையுள்ளவை என்று தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்கியவை. காப்பை அடைவு வைத்துக் கொண்டுவந்த பணத்தை அவள் எண்ணிக்கொண்டிருக்கையில், வியாபாரி ஒரு காகிதப் பெட்டியைத் திறந்தார். உள்ளே அத்தனையும் புதுப் பெயர்ச்சீட்டுகள்.

“ஒண்டு இருபது ரூபாதான், தங்கச்சி. வைச்சுத் தைச்சா ஒரு சேட்டுக்கு ஆயிரம் கூடக் கேக்கலாம்.”

அறுபதாயிரம்! காப்பு அடுத்த வாரமே வீட்டுக்கு வந்துவிடும். சேட்டோ உண்மையில் அந்தப் பெயருக்கெனத் தைத்ததுதானே, இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன குற்றம் என்று என் மனம் வாதாடியது. வகுப்பிலே வாய்மை கற்பிக்கும் நான், “ஊரில் ஆருக்குத் தெரியப்போகுது?” என்று வாய்விட்டும் சொன்னேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “என்னட்டை வாங்கிறதிலை பாதிப்பேர் உதுகளைத் தைக்கிற பிள்ளையள் அண்ணை. நூலைப் பார்த்தே சொல்லிப்போடுவினம்.”

பெட்டி மூடப்பட்டது. அன்றிரவு பஸ்ஸில், குறையுள்ள எட்டுச் சேட்டுகளிலும் குறை இன்னதென்று எழுதிய துண்டுகளை ஊசியாற் குத்திக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிறு நான் அங்கிருந்தபோது, தொழிற்சாலைப் பெண்ணொருத்தி தன் தமையனுக்குச் சேட்டு வாங்க வந்தாள். எடுத்தவுடன் அதை உட்புறமாகத் திருப்பினாள். கக்கத்துத் தையலை விரலால் தடவினாள். பிறகு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசத் தொடங்கினாள்.